வித்துவானைப் படமாக்குவது: கொழும்பில் முதல் இசை ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு

கொழும்பில் ஒரு இசைக்கலைஞர் காலமானால் மறுநாளே ஒரு வீடியோ வந்துவிடும். மாலை போட்ட படம், பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல், 'ஒரு சகாப்தம் சாய்ந்தது' என்று கனத்த குரல், அப்புறம் பொன்னாடை போர்த்திய படங்கள் வரிசையாக. பத்து நிமிடம் பார்த்து முடித்தாலும் மனிதர் என்ன வாசித்தார், எப்படி வாசித்தார் என்பது மட்டும் காதில் விழுந்திருக்காது. அஞ்சலி வேறு, ஆவணப்படம் வேறு. ஆவணப்படத்தில் புகழுரையைவிட வாசிப்புக்குத்தான் இடம் அதிகம்.

உயிரோடு இருக்கிற ஒரு கலைஞரைப் பற்றி 15, 20 நிமிடப் படம் ஒன்றை, கையில் இருக்கும் போனை வைத்தே எடுத்து முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கமராவும் தயாரிப்பாளரும் வரும்வரை காத்திருந்தால் கலைஞர் காத்திருக்க மாட்டார்.

முதலில் பாருங்கள்

படம் எடுக்கக் கிளம்புவதற்கு முன் மூன்று, நான்கு நல்ல படங்களைக் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். கதை தெரிந்துகொள்வதற்காக அல்ல. இயக்குநரிடம் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை, இல்லாததை எப்படிச் சமாளித்தார் என்பதைக் கவனிப்பதற்காக.

நமக்கு மிக நெருக்கமானது அம்ஷன் குமார் எடுத்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பற்றிய படம். இந்தியாவின் தேசிய விருது பெற்றது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். படம் வந்தபோது அவர் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. மிஞ்சிய ஒலிப்பதிவுகளும் அவரை நேரில் கேட்டவர்களின் நினைவும்தான் கையிருப்பு. நீங்கள் எடுக்கப்போகிறவர் இன்னும் கண்ணெதிரே இருக்கிறார் என்றால், அந்த இயக்குநருக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' 1976ஆம் ஆண்டுப் படம். அப்போது அந்த அம்மையாருக்கு 58 வயது. அரை மணி நேரத்தை ஒட்டிய சின்னப் படம்தான். ஆட்டத்தை வெட்டிக் கொத்தாமல் நீளமாக விடுகிறார் ராய். ஒரு முழு உருப்படியைத் தடங்கலில்லாமல் பார்க்கிற பொறுமை இன்றைய எடிட்டர்களுக்கு வர இந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

'ஏமி' (2015) இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பற்றியது. ஆசிப் கபாடியா எடுத்தார். கதிரையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் முகமே கிட்டத்தட்ட இல்லை. பேட்டிகளைக் குரலாக மட்டும் வைத்துக்கொண்டு திரை முழுவதையும் பழைய வீடியோக்களால் நிரப்பியிருக்கிறார். கமராவைக் கண்டால் வாய் அடைத்துப்போகிற ஆட்களைப் பற்றி எடுக்கும்போது இந்த வழி கைகொடுக்கும்.

'சேர்ச்சிங் ஃபோர் சுகர் மேன்' (2012) படத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. டெட்ராயிட் பாடகர் றொட்ரிகஸ் சொந்த நாட்டில் எவருக்கும் தெரியாதவர், தென்னாபிரிக்காவிலோ வீட்டுக்கு வீடு தெரிந்தவர். சுப்பர் 8 ஃபிலிம் வாங்கக் காசு தீர்ந்ததும் இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் மிச்சக் காட்சிகளை ஐபோனில் ஒரு மலிவான ஆப் போட்டு எடுத்து முடித்தார். அந்தப் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஆகவே 'கையில் போன்தான் இருக்கிறது' என்பது ஒரு சாக்கு இல்லை. இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. றொட்ரிகஸ் 1979இலும் 1981இலும் அவுஸ்திரேலியா போய்க் கச்சேரி செய்திருக்கிறார். அது படத்தில் இல்லை. சொன்னால் 'உலகமே மறந்த பாடகர்' என்ற கதையின் கூர் மழுங்கிவிடும் அல்லவா. விமர்சகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல கதைக்காக ஒரு உண்மையை ஒளிக்கத் தோன்றும் கட்டம் உங்கள் படத்திலும் வரும். ஒளித்ததை அறிந்த ஆள் ஒருவர் வெள்ளவத்தையில் கட்டாயம் இருப்பார்.

யாரை எடுப்பது

கொழும்பில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சிங்களத் திரையின் முதல் நட்சத்திரம் ருக்மணி தேவியின் பிறப்புப் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். வெசாக் வந்தால் ஊரெங்கும் ஒலிக்கும் பௌத்தப் பாடல்களைப் பாடிய மொகிதீன் பேக், சேலத்தில் பிறந்த முஸ்லிம். சிங்களப் படங்களுக்கு இசையமைத்த முத்துசாமி மாஸ்டர் தமிழ்நாட்டிலிருந்து வந்த வயலின் வித்துவான். 70களின் தமிழ்ப் பொப்பிசைக்கு ஏ.ஈ. மனோகரன். இந்தப் பெயர்களைக் கேட்டதும் கை பரபரக்கும். முதல் படத்துக்கு இவர்களை விட்டுவிடுங்கள். மறைந்தவரைப் பற்றிப் படம் எடுப்பது முழுக்க முழுக்க ஆவணம் தேடுகிற வேலை, உரிமை கேட்கிற வேலை. அது இரண்டாவது படத்துக்கு.

முதல் படத்துக்கு, ஒரு பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், வாத்தியத்தை இன்னும் கையில் எடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். வானொலி வாத்தியக் குழுவில் வாசித்து ஓய்வு பெற்றவர், கோயில் மேளக்காரர், கொட்டாஞ்சேனையில் ஆர்மோனியம் திருத்துகிறவர், மூன்று தலைமுறைக்கு வீணை சொல்லிக்கொடுத்த அம்மா. பாடகரின் பெயர் இசைத்தட்டில் இருக்கும். பின்னால் தபேலா வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்டவரிடம்தான் புதிய கதை கிடைக்கும்.

ஆளைப் பிடித்ததும் படம் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். 'இவருடைய வாழ்க்கை' என்பது கேள்வி அல்ல. 'இவர் கை எதைச் செய்கிறது, அதை யாரிடம் படித்தார், இப்போது யார் கையில் இருக்கிறது?' என்பது கேள்வி.

கமரா இல்லாமல் போங்கள்

முதல் சந்திப்புக்குக் கமராவைக் கொண்டுபோக வேண்டாம். தெரிந்தவர் ஒருவரோடு, கொஞ்சம் பழத்தோடு போங்கள். மாஸ்டரை மாஸ்டர் என்றே கூப்பிடுங்கள். பெயர் சொல்லி 'திரு' போட்டால் அது ஏதோ கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கும். அவர் 'தம்பி, உமக்கு இதில என்ன வருமானம்?' என்று கேட்பார். நேராகப் பதில் சொல்லுங்கள். வருமானம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று விஷயத்தை முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். ஒன்று, சன்மானம். வாசிப்பது அவருடைய தொழில். கமரா முன் வாசிக்கச் சொன்னால் அதுவும் ஒரு கச்சேரிதான். சின்னத் தொகையாக இருந்தாலும் உறையில் போட்டுக் கொடுங்கள். இரண்டு, எழுத்தில் சம்மதம். தமிழில் ஒரே பக்கம் போதும்: படம் எங்கே காட்டப்படும், இணையத்தில் போடலாமா, வீட்டுப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பயன்படுத்தலாமா. வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று, யாருக்கு எதை நீக்கும் உரிமை. எல்லா வீட்டிலும் குடி, கடன், முறிந்த கல்யாணம், சகோதரச் சண்டை என்று ஏதாவது இருக்கும். முடிந்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுவேன், தகவல் பிழையைத் திருத்துவேன், மற்றத் தீர்மானம் என்னுடையது என்று நான் சொல்வதுண்டு. நீங்கள் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளலாம். ஆனால் படம் முடிந்தபிறகு மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து ஒத்துக்கொள்ள வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

அலுமாரிக்கு மேலே இருக்கும் பெட்டி

இந்தப் படியில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். எனக்குப் பிடித்த படியும் இதுதான்.

எந்தக் கலைஞர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். சூட்கேஸாகவோ பிஸ்கட் தகரமாகவோ இருக்கும். உள்ளே கசெற், அல்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், அரங்கேற்ற மலர், வானொலியிலிருந்து வந்த ஒப்பந்தக் கடிதம். கசெற் உறையைக் கவனியுங்கள். நீல மையில் ராகப் பெயர், கோயில் பெயர், சிலவேளை திகதி. 'பக்கவாத்தியம்' என்று எழுதி அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருக்கும். அந்த அடித்தலைப் பற்றிக் கேட்டால் அரை மணித்தியாலக் கதை வரும்.

கசெற்றைக் கண்டதும் ரேடியோவில் போட்டுவிடாதீர்கள். கொழும்பு ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். சின்னக் கண்ணாடி யன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரியும். தெரிந்தால் ஓட்ட வேண்டாம். நாடாவும் கெடும், பிளேயரின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கசெற்றுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், மேல் ஓரத்தில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறிப்போய் ரெக்கோர்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி எடுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த சுருள் சீராகும். பிளேயரின் தலையை ஐசோப்ரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகே ஓட்டுங்கள்.

பிளேயரின் ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்வதைப் பலர் செய்கிறார்கள். அது வேண்டாம். பிளேயரின் வெளியீட்டிலிருந்து ஒரு வயர், அதிலிருந்து யுஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் சின்னப் பெட்டி), அங்கிருந்து கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், டபிள்யூஏவி கோப்பு. இரைச்சலை நீக்குகிற வேலையைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள், மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். இரைச்சல் நீக்கியை ஒரு திருகு கூட்டினால் தம்புராவும் சேர்ந்து போய்விடும்.

படங்களை அல்பத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டாம். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ. இல்லாவிட்டால் யன்னலோரம் வைத்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கழன்று வருகிற படம் என்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, திகதி, யாரோ பென்சிலால் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து செய்யுங்கள். செய்யும்போது அவர் பக்கத்தில் இருந்தால், கமராவுக்கு முன்னால் சொல்லாததையெல்லாம் சொல்வார். மைக்கை ஓட விட்டு வையுங்கள், ஓடுகிறது என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

நினைவைச் சரிபார்த்தல்

மனிதர் 1962 என்பார், நோட்டீஸ் 1966 என்று சொல்லும். இரண்டும் படத்தில் வரலாம், ஆனால் எது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்து மலர்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் 2005இலிருந்து அங்கே சேர்க்கப்பட்டு வருகின்றன. ஒலி, படங்களுக்கு அதே நிறுவனத்தின் ஆவணகம் இருக்கிறது. அங்கே இல்லாவிட்டால் கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கிய பத்திரிகைகள். ஒரு திகதியை உத்தேசமாகவாவது வைத்துக்கொண்டு போனால்தான் பழைய தாள்களில் எதையாவது பிடிக்கலாம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தையும் பாருங்கள். சங்கம் 1942இல் தொடங்கியது. பழைய விழா மலர்களைத் தேட நல்ல இடம்.

வானொலியைப் பற்றித் தனியாக ஒரு சொல். கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன், 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். உங்கள் கலைஞர் 'ரேடியோ சிலோனில் வாசித்தேன்' என்று 1970ஐப் பற்றிச் சொன்னால் திருத்தப் போக வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். திரையில் எழுத்துப் போடும்போது மட்டும் சரியாகப் போடுங்கள். சுதந்திர சதுக்கத்திலுள்ள நிலையத்திடம் பழைய பதிவு கேட்பதானால் எழுத்தில், நிகழ்ச்சியின் பெயரோடும் உத்தேச ஆண்டோடும் கேளுங்கள்.

சத்தம்

இசைப் படத்தில் மங்கலான காட்சியைப் பார்வையாளர் மன்னிப்பார். கரகரத்த ஒலியை மன்னிக்க மாட்டார். கையில் இருக்கும் காசில் முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் மைக். நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், மாலையும் சங்கிலியும் உரசாமல்.

கொழும்பு வீடு ஸ்டூடியோ அல்ல. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் என்றால் ரயில், காலி வீதிப் பக்கம் என்றால் பஸ், எங்கே என்றாலும் காகம். மாஸ்டர் கண்ணை மூடித் தோடியைத் தொடங்குகிற நேரத்தில் பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவன் மெட்டை ஒலித்தபடி வரும். போன அன்றே அந்த வீட்டின் சத்தங்களின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை நல்லது, பாண் ஓட்டோ போன பிறகு. ஃபானை நிறுத்தத்தான் வேண்டும். வயதானவரை அந்தப் புழுக்கத்தில் வைத்திருக்கவும் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை இடைவெளி விட்டு ஃபானைப் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் உங்கள் வீட்டுத் திறப்பை அதற்குள் வையுங்கள். அதைத் திரும்பப் போடாமல் நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

எடுத்து முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது ஓட்டைகளை அடைக்க அது வேண்டும்.

கேள்விகள்

'உங்கள் இசைப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால், மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சே வரும். பொருளைக் கேளுங்கள், காசைக் கேளுங்கள். முதல் கச்சேரிக்கு என்ன கொடுத்தார்கள்? வாத்தியத்தை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? குரு எதற்கு அடித்தார்? 83 கலவரத்துக்குப் பிறகு எங்கே இருந்தீர்கள், வாத்தியம் எங்கே இருந்தது? கோயில் மேளக்காரர் என்றால், வாசித்த வீடுகளில் எங்கே உட்கார வைத்தார்கள், எங்கே சாப்பாடு போட்டார்கள் என்று கேளுங்கள். சாதியைப் பற்றி நேராகக் கேட்டால் வராதது இந்த வழியில் வரும். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நல்லது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். மொழி அவருடையதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத் தமிழோ மலையகத் தமிழோ முஸ்லிம் தமிழோ, அல்லது பாதிச் சிங்களமோ, கமராவுக்காகத் திருத்தச் சொல்ல வேண்டாம்.

வாசிப்பை எடுப்பது

இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. போனில் வழக்கமாக இருக்கிற 30 ஃபிரேமில் டியூப் லைட்டின் கீழே எடுத்தால் படம் துடிக்கும். பிளாக்மேஜிக் கமரா ஆப் இலவசம், இதையெல்லாம் கையால் அமைக்க விடும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டி வையுங்கள். 4கே என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 10 ஜிபி அளவு இடம் தேவை, சில போன்களில் அதற்கும் மேல்.

வாசிப்பைக் குறைந்தது இரண்டு முறை எடுங்கள். முதல் முறை ஆள் முழுவதும் தெரிய, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, போனை அசைக்காமல். இரண்டாவது முறை கைகள் மட்டும். தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும், துணியில் மாப்பசை தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது. இடக்கையில் பூவரசங் கழி. அவர் கூட்டை ஒவ்வொரு விரலாக மாட்டுவதை முழுவதும் எடுங்கள். சிலர் பழைய கூட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் பிடிக்காவிட்டால் கழற்றி வேறொன்றைப் போடுவார்கள். ஒரு சொற்கட்டை (தாளச் சொற்களின் கோவையை) முதலில் வாயால் சொல்லச் சொல்லி, பிறகு மெதுவாக வாசிக்கச் சொல்லி, பிறகு அவருடைய வேகத்தில் எடுங்கள். இசை தெரியாத பார்வையாளருக்கும் அப்போது காது திறக்கும். தவிலுக்கு மைக்கைத் தள்ளி வைத்து அளவைக் குறையுங்கள். சத்தம் சிவப்பைத் தொட்டுவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அடுத்த நாள் அவருடைய மாணவர் ஒருவரை அழைத்து அதே சொற்கட்டை வாசிக்கச் சொல்லுங்கள். 'மாஸ்டரின் பங்களிப்பு' பற்றி நாலு பிரமுகர்கள் பேசுவதைவிட இது நன்றாகப் பேசும். மாணவர் வாசிப்பதை மாஸ்டர் கேட்கும்போது மாஸ்டரின் முகத்தையும் எடுங்கள்.

அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி. ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

உரிமை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டுக்கும் இசைக்கும் உரிமை ஆக்கியவரின் ஆயுளோடு மேலும் 70 ஆண்டு. ஒலிப்பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் 50 ஆண்டு. அதாவது பழைய பதிவின் காலம் முடிந்திருந்தாலும் உள்ளே இருக்கும் பாட்டின் காலம் முடிந்திருக்காது. தியாகராஜர் கீர்த்தனையை மாஸ்டரே உங்கள் கமராவுக்கு வாசித்தால் அவர் சம்மதம் மட்டும் போதும். சினிமாப் பாட்டை வாசித்தால் அப்படி அல்ல. சினிமாப் பாட்டின் இசைத்தட்டுப் பதிவையே போட்டால், யூடியூப்பில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே உரிமைக்காரரின் அறிவித்தல் வந்து நிற்கும். 'கல்வி நோக்கம்' என்று கீழே எழுதிப் போட்டால் தப்பலாம் என்பது வெறும் நம்பிக்கை.

வெட்டுதல்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். பேட்டி முழுவதையும் எழுத்தில் இறக்குங்கள். அலுப்பான வேலை, ஆனால் தப்ப வழியில்லை. முதல் நிமிடத்தில் வாசிப்பு இருக்கட்டும், பிறப்பு விபரம் பிறகு வரலாம். பேச்சுக்கு அடியில் புல்லாங்குழல் ஓட விடாதீர்கள். ஒரு இசைக்கலைஞரின் படத்தில் வேறு யாரோ வாசித்த இலவச இசை எதற்கு? இரண்டு, மூன்று நிமிடமாவது அவருடைய வாசிப்பை வெட்டாமல் விடுங்கள்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வசன எழுத்துப் போடுங்கள், தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் எழுத்தும் இருந்தால் காது மந்தமானவர்களுக்கு உதவும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பெயர்களின் எழுத்தை வீட்டாரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

காட்டுதல்

முதலில் மாஸ்டர் வீட்டில், டிவியில், குடும்பத்தோடு. அப்புறம் தமிழ்ச் சங்க மண்டபம் போன்ற ஒரு இடம். பொதுமக்களுக்குத் திரையிடுவதானால் தணிக்கைச் சபையின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள், மண்டபத்தாரும் கேட்பார்கள். மண்டபத்து ஒலியமைப்பு பேச்சுக்காக வைத்தது. நிகழ்ச்சிக்கு முதல் நாளே போய் தவில் பகுதியைப் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பின்வரிசைக்கு வெறும் இரைச்சல்தான் போகும். 2015இலிருந்து நடக்கும் யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.

படத்தில் சேராத மணித்தியாலக் கணக்கான பேட்டியையும் டிஜிட்டலாக்கிய கசெற்றுகளையும் உங்கள் கணினியில் தூங்க விடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் யார், எங்கே, எப்போது, என்ன ராகம் என்று ஒரு தாளில் எழுதி, குடும்பத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், அவர்கள் சம்மதித்தால் ஆவணகத்துக்கு ஒரு பிரதி. பென் டிரைவில் கொடுத்தால் பேரப்பிள்ளை அதை அழித்துவிட்டு வேறு படம் ஏற்றிக்கொள்வான்.